வீட்டுக்கு ஒருவர்: எங்கள் ஊரக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் சாஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள எங்கள் ரூரல் முனிசிபாலிட்டியின் (ஊரக மன்றத்தின்) தலைவரான ரீவ் அவர்களுக்கும் பிரிவு உறுப்பினர்களுக்கும்,

ஏப்ரல் மாத பட்ஜெட் கூட்டத்தில் நீங்கள் எடுத்த இரண்டு முடிவுகளைப் பற்றி எழுதுகிறேன். முதியவர்களையும் நோயாளிகளையும் சாஸ்கட்டூன் நகரத்துக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் ஜூன் 30-உடன் நிற்கப்போகிறது. வரும் குளிர்காலத்திலிருந்து பனி தள்ளும் வண்டி, வயல்களுக்கு நடுவே போகும் பொதுச் சாலையான கிரிட் ரோட்டோடு திரும்பிவிடும். அங்கிருந்து வீட்டு வாசல்வரை போகும் பாதையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உங்கள் அறிக்கை சொல்லும் காரணம் ஒன்றுதான். மக்கள்தொகை குறைந்துவிட்டதாம்.

குறைந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேன் போய் நிற்பது ஒரு வீட்டின் வாசலில். பனி வண்டி திரும்பி வருவதும் ஒரு வீட்டின் வாசலிலிருந்து. அந்த வாசல்களில் எத்தனை குறைந்தன என்று அறிக்கை முழுவதும் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

2019 ஜனவரியில் இந்த ஊருக்கு வந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் நான். வந்து இறங்கிய அன்று மைனஸ் 38. அப்போதிருந்து ஹோம் கேர் பணியாளராக உங்கள் வட்டாரத்து வீடுகளுக்குப் போய்வருகிறேன். குளிக்க உதவுவது, மாத்திரை சரியாக எடுத்தார்களா என்று பார்ப்பது, வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவது, காலையில் ஒரு வாய் சாப்பிட்டார்களா என்று கேட்பது, இவைதான் என் வேலை. இந்தக் கடிதத்தை வேலை செய்யும் இடத்தின் சார்பில் எழுதவில்லை. இங்கே குடியிருந்து வரி கட்டும் ஒருத்தியாக எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன், எந்த வீடு என்று தெரியும்படியும் சொல்ல மாட்டேன். அதை மீறினால் அவர்கள் எனக்குக் கதவைத் திறந்ததற்கு அர்த்தமில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கிரிட் ரோட்டிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே. மாடி வைத்த பழைய பண்ணை வீடு. உள்ளே நுழைந்ததும் பூட்ஸ் கழற்றி வைக்க நீளமான ஒரு பலகை. ஆறேழு ஜோடி தாராளமாக வைக்கலாம். இன்று அதில் ஒரு ஜோடி இருக்கிறது, நான் போகும்போது இரண்டு. அந்த வீட்டம்மாவுக்கு வயது 84. மாடி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. நிலவறையில் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு ஃப்ரீசர், நிறைய பெரோகி, நம் கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம். உருளைக்கிழங்கு வைத்து அவரே பிடித்தது. ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். குறைவாகச் செய்ய அளவு தெரியாது என்றார். நாற்பது வருடம் ஆறு பேருக்குச் சமைத்த கை.

ஆறு பேர்: அவர், கணவர், நான்கு பிள்ளைகள். ஒரு மகன் கால்கரியில், ஒரு மகள் வான்கூவரில், இரண்டு பேர் சாஸ்கட்டூனில். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. உங்கள் அறிக்கை கணக்குப் போடுகிற முறையில் பார்த்தால் அந்த வீட்டின் மக்கள்தொகை ஆறிலிருந்து ஒன்றாகிவிட்டது. ஆறில் ஐந்து பங்கு காலி. சரி, வீடு? அப்போதும் ஒன்று, இப்போதும் ஒன்று. நானூறு மீட்டர் பாதையில் ஒரு அடி குறைந்ததா? மின்கம்பி குறைந்ததா? ஆம்புலன்ஸ் ஓட வேண்டிய தூரம் குறைந்ததா?

ஆறு பேர் இருந்த காலத்தில் அவர்களுக்கு உங்கள் பனி வண்டி தேவைப்படவே இல்லை. காலையில் யாராவது ஒரு பையன் டிராக்டரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் பாதை சுத்தம். நகரத்துக்குப் போக மூன்று பேருக்கு லைசென்ஸ் இருந்தது. இப்போது டிராக்டரும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. விழித்திரை பழுதாகி அவருடைய லைசென்ஸும் போய்விட்டது. கண்ணுக்குள் போடும் ஊசிக்காக ஆறு வாரத்துக்கு ஒருமுறை சாஸ்கட்டூன் போகவேண்டும். ஊசி போட்ட அன்று கண் தெரிகிறவர்கள்கூட வண்டி ஓட்டக்கூடாது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த வேன்தான் அவருக்கு மிச்சமிருக்கும் பார்வை. ஆட்கள் குறையக் குறைய அந்த வீட்டின் தேவை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் அறிக்கை இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கனடா முழுவதும் 1981-ல் ஒருவர் மட்டும் வாழ்ந்த வீடுகள் 17 லட்சம். 2021-ல் 44 லட்சம். நாட்டின் மொத்த வீடுகளில் 29.3 விழுக்காடு. கணவன் மனைவி பிள்ளைகள் உள்ள வீடு, பிள்ளை இல்லாத தம்பதிகளின் வீடு, எல்லாவற்றையும் தாண்டி இன்று நாட்டில் அதிகமாக இருப்பது தனி ஆள் வீடுதான். நகரத்தில் அந்தத் தனி ஆள் பெரும்பாலும் அடுக்குமாடியில் இருக்கிறார், கீழே பஸ் நிற்கிறது, பக்கத்தில் மருந்துக்கடை. இங்கே அதே தனி ஆளுக்கு அடுத்த வீட்டு விளக்கு இரண்டு மைல் தள்ளித் தெரிகிறது. என் வாரப் பட்டியலில் இப்போது இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் பதினைந்தில் ஒருவர்தான். மீதியில் பெரும்பாலும் இரண்டு பேர், இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்த இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அதுவும் தனி ஆள் வீடாகிவிடுகிறது, ஒரே இரவில்.

நீங்கள் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று போய்ப் பார்த்தேன். புள்ளியியல் துறை ஒவ்வொரு ஊருக்கும் வெளியிடும் 2021 கணக்கெடுப்புப் பக்கம். முதலில் 2021 மக்கள்தொகை, அடுத்து 2016 மக்கள்தொகை, அடுத்து இரண்டுக்கும் உள்ள மாற்றம் விழுக்காட்டில். உங்கள் அறிக்கை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வரிகளைப் படித்தீர்களா? மொத்த வீடுகள் எத்தனை, அவற்றில் நிரந்தரமாக ஆள் குடியிருப்பவை எத்தனை என்று அங்கேதான் இருக்கிறது. இன்னும் கீழே போனால் வீட்டுக்கு எத்தனை பேர் என்ற அட்டவணையும் உண்டு. ஐந்து நிமிட வேலை. வேனையும் பனி வண்டியையும் நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டிய வரிகள் அவை. முதல் மூன்று வரிகளை வைத்து முடிவெடுத்திருக்கிறீர்கள்.

அந்த அட்டவணைகளையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தனிமனிதர் அடையாளம் வெளியே தெரியாமலிருக்க அந்த எண்களை 5-இன் மடங்காக மாற்றித்தான் வெளியிடுகிறார்கள். அது நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. டொரண்டோவில் ஐந்து கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பதினைந்து வீடுள்ள நம்முடைய குட்டி ஊர்களில் ஐந்து என்பது மூன்றில் ஒரு பங்கு. 2011-ல் மத்திய அரசு கணக்கெடுப்பின் கட்டாய நீள்படிவத்தை, அதாவது விரிவான கேள்வித்தாளை, எடுத்துவிட்டு விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று ஆக்கியபோது, பதில் போதாமல் எண்களே வெளியிட முடியாமற்போன ஊர்கள் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். அதில் சாஸ்காச்சுவான் ஊர்கள் மிக அதிகம். 2016-ல்தான் கட்டாயப் படிவம் திரும்ப வந்தது. அதனால்தான் சொல்கிறேன், நம் அளவு ஊருக்குத் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வரும் எண் மட்டும் போதாது. இங்கே இருப்பவர்கள் நடந்துபோய் எண்ணவேண்டும்.

நான் வருவதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் இந்த வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்துதான் கேட்டேன். 1931-ல் இந்த மாகாணத்தில் 9,21,785 பேர். அன்று கனடாவிலேயே மூன்றாவது பெரிய மாகாணம் இதுதான். 1936-ல் 1,42,391 பண்ணைகள். ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர், அதில் ஒரு குடும்பம் என்று தொடங்கிய நாடு. 2021-ல் பண்ணைகள் 34,128. நிலம் எங்கும் போகவில்லை, ஒரே ஆளின் கையில் பத்துப் பதினைந்து குவார்ட்டர் சேர்ந்துவிட்டது. தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் எலிவேட்டர்கள் 3,000-க்கும் மேல் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன, கிளை ரயில் பாதைகளைப் பிடுங்கினார்கள். 2021-ல் மாகாணத்தின் 11,32,505 பேரில் பாதிப் பேர் சாஸ்கட்டூன், ரிஜைனா என்ற இரண்டு நகர வட்டாரங்களில் இருந்தார்கள்.

இதெல்லாம் பெரிய காற்று. உங்கள் மன்றத்தால் தடுத்திருக்க முடியாது. ஆனால் முடிவெடுத்துச் செய்தவையும் உண்டு. 1993-ல் மாகாண அரசு 52 சிறிய கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. 1946-லிருந்து ஊர் ஊராக ஓடிய மாகாண அரசின் பஸ் 2017 மே 31-ஆம் தேதியோடு நின்றது. அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில் கிரேஹவுண்ட் என்ற தனியார் பஸ் கம்பெனியும் மேற்கு மாகாணங்களை விட்டுப் போய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது இரண்டும் இல்லை. பஸ்ஸை நிறுத்தியபோது ஏறுகிற ஆள் குறைந்துவிட்டது, நஷ்டம் என்றார்கள். பஸ் போனதும் ஓட்ட முடியாதவர்கள் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ நகரத்துக்குப் போனார்கள். அவர்கள் போனதால் அடுத்த கணக்கெடுப்பில் எண் இறங்கியது. இறங்கிய எண்ணைக் காட்டி இப்போது வேனை நிறுத்துகிறீர்கள். பஸ் போன பிறகு இருக்கட்டும் என்று ஊரார் பிடிவாதம் பிடித்து நடத்திவந்த வேன் அது. உங்களில் சிலர் அதற்காகத் தட்டேந்தி காசு சேர்த்ததாகவும் கேள்விப்பட்டேன்.

பனிப் பாதையைப் பற்றி நானே பார்த்த ஒன்று. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, பிப்ரவரி. முந்தின நாள் முழுவதும் காற்று. கிரிட் ரோடு திறந்திருந்தது. நான் போகவேண்டிய வீட்டின் பாதையில் இடுப்பளவு மேடு. உங்கள் வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த வீட்டில் இருப்பவருக்கு இன்சுலின் போடவேண்டும், போனை எடுக்கவில்லை. காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, விளக்கை எரியவிட்டு, நடந்தேன். சாதாரண நாளில் ஐந்து நிமிட நடை, அன்று முக்கால் மணி நேரம். கண்ணிமை ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நின்றேன், திரும்பினாலும் அதே தூரம். போய்ப் பார்த்தால் மனிதர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். விழுந்தவரால் எழ முடியவில்லை. காலையிலிருந்து அப்படியே. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அதுவும் ரோட்டோடுதான் நிற்க முடிந்தது. பிறகு உங்கள் வண்டி வந்து பாதையைத் திறந்த பின்னால்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துவிட்டார். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அன்று வண்டி தாமதமாக வந்தது. வரும் குளிர்காலத்தில் வரவே வராது. இதைத்தான் நீங்கள் கையைத் தூக்கி நிறைவேற்றியிருக்கிறீர்கள்.

பணம் இல்லை என்பீர்கள். சரளைக்கல் விலை, டீசல் விலை, பாலம் பழுது எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வருவாயின் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறது? நிலத்தின் மேல் விதிக்கும் வரியிலிருந்து. ஆள் போனால் தலைவரி குறையும் என்று சொல்ல இங்கே தலைவரி கிடையாது. ஆறு பேர் இருந்தபோது அந்தக் குவார்ட்டருக்கு வரி வந்தது, இன்றும் வருகிறது. அந்த அம்மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார், அதில் பருப்பு விளைகிறது. புதுக்கோட்டையில் மைசூர் பருப்பு என்று வாங்கிய நாளில் அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. உலகத்திலேயே அதிகமாக அந்தப் பருப்பை ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பகுதி விளைவது இந்த மாகாணத்தில். முதல் வருடம் ஜூலையில் பூத்துக் கிடந்த வயலைக் காட்டி அவர்தான் எனக்குச் சொன்னார். அந்த மண்ணின் வரியை வாங்கிக்கொண்டு, அந்த மண்ணில் ஐம்பது வருடம் உழைத்தவரின் வாசலுக்கு வர மாட்டோம் என்பது நியாயம் இல்லை.

உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 2016-லிருந்து 2021-க்கு ஒரு கோடு போட்டு அதையே 2036 வரை நீட்டியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டில் நான் இல்லை. எனக்குப் பிறகு வந்தவர்களும் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண்கள், பெட்ரோல் பங்க்கை எடுத்து நடத்தும் குஜராத்திக் குடும்பம், இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். முதல் வருடம் எனக்கு இங்கே லைசென்ஸ் இல்லை. காலி இருக்கை இருந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று நீங்கள் அனுமதித்ததால் அந்த வேனில்தான் கைரேகை கொடுக்கவும் தேர்வு எழுதவும் சாஸ்கட்டூன் போனேன். அந்த வேன் இல்லாதிருந்தால் ஆறு மாதத்தில் நகரத்துக்கே போயிருப்பேன். என்னுடன் சேர்ந்து வந்த மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். கிராமப்புறக் கனடா 2016-க்கும் 2021-க்கும் நடுவில் வளர்ந்தது 0.4 விழுக்காடு, நகர்ப்புறம் 6.3 விழுக்காடு. ஆள் வரவேண்டும் என்று ஒரு பக்கம் விளம்பரம் செய்கிறீர்கள். வந்தவர்கள் இருந்துகொள்ள எது உதவியதோ அதை இன்னொரு பக்கம் எடுக்கிறீர்கள்.

இதன் ஆங்கிலப் பிரதியை மே மாதமே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கிடைத்தது என்று ஒரு வரி மட்டும் வந்தது. தமிழிலும் எழுதக் காரணம், நம்மவர்கள் இன்று இப்படிப்பட்ட சிற்றூர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நர்ஸாக, மோட்டல் நடத்துபவராக, பாட்டி தாத்தாக்களைக் குளிப்பாட்டுபவராக. மன்றக் கூட்டம் யாருக்கோ என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் ஆறு வருடம் போனதில்லை. போயிருக்க வேண்டும். என் அம்மாவும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா காலையில் எட்டிப்பார்க்கிறார் என்ற ஒரே தைரியத்தில் நான் இங்கே தூங்குகிறேன். இந்த வீடுகளின் பிள்ளைகள் கால்கரியில் எந்தத் தைரியத்தில் தூங்குவார்கள் என்று அதனால் எனக்குத் தெரியும்.

மன்றத்திடம் நான் கேட்பவை இவை.

வேனை நிறுத்தும் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். குறைந்தது 2026 கணக்கெடுப்பின் எண்கள் வெளிவந்து, வீடுகளின் கணக்கையும் பார்க்கும்வரை. வாரம் மூன்று நடை முடியாது என்றால் இரண்டாக்குங்கள், கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பக்கத்து மன்றங்களோடு பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிறோம் என்று வேனில் போகிறவர்களே என்னிடம் சொன்னார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பனி விஷயத்தில் எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லவில்லை. டிராக்டரும் ஆளும் உள்ள வீடுகளை விட்டுவிடலாம். எழுபது வயதைத் தாண்டி ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் வீடுகள், ஹோம் கேரோ ஆம்புலன்ஸோ போகவேண்டிய வீடுகள், இவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, காற்றடித்த மறுநாள் காலையில் முதலில் அந்தப் பாதைகளைத் திறக்கவேண்டும். பட்டியலில் சேர விருப்பமா என்று அந்தந்த வீட்டாரிடம் கேட்டுச் சேர்க்கவேண்டும். முதல் பனி விழுவதற்குள் அது தயாராக இருக்கவேண்டும்.

இனிமேல் மக்கள்தொகையைக் காரணம் காட்டி எந்தச் சேவையைக் குறைத்தாலும், அந்த அறிக்கையில் குடியிருக்கும் வீடுகள் எத்தனை, ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் எத்தனை என்ற இரண்டு எண்களும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அதற்கு முன் பிரிவு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பிரிவை ஒரு சுற்றுச் சுற்றி, எத்தனை வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார் என்று எண்ணி வரவேண்டும். ஒரு நாள் போதும். உங்களுக்கு எல்லா வீடும் தெரியும், எல்லாருக்கும் உங்களைத் தெரியும்.

கடைசியாக, இந்த இரண்டு முடிவுகளையும் மறுபடி பேச ஒரு கூட்டம் வேண்டும். அதை ஜூன் 30-க்குள் பகல் நேரத்தில் வையுங்கள். பேச விரும்பும் ஏழு பேரின் பெயரைச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஐந்து பேரால் வேன் இல்லாமல் கூட்டத்துக்கு வர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு ஹோம் கேர் பணியாளர்